சம்பளம் சரி, மனசு ஒட்டலை: பல்கலைக்கழக நூலகர்கள் யாராவது இருக்கீங்களா?

சிறுவாணித்தண்ணி:
வணக்கமுங்க. கோவைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் பதினொரு வருடமாக உதவி நூலகர். சம்பளத்தில் குறையில்லை, ஏழாவது ஊதியக் குழுப்படி உதவிப் பேராசிரியருக்கும் எங்களுக்கும் தொடக்கம் ஒன்றுதான், 57,700. ஆனால் ஆய்வேட்டைக் காப்பி கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேரில் போட்டு ஒப்புமை 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது, ஆய்வேடுகளுக்கான இணையக் களஞ்சியம் ஷோத்கங்காவில் ஏற்றுவது, பல்கலைக்கழகத்தின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருகிறதென்றால் பழைய வருகைப் பதிவேட்டை எண்ணுவது, இதிலேயே பொழுது போய்விடுகிறது. போன வாரம் ஒரு பேராசிரியர், "உங்களுக்கென்னங்க, ஏசியில உக்காந்து புக்கு படிக்கிற வேலை" என்றார். வேலை நேரத்தில் நான் ஒரு புத்தகத்தை முழுசாகப் படித்து வருடக்கணக்காகிறது. கோளாறு எனக்கா, வேலைக்கா?

உக்கடத்துக்காரன்:
அண்ணா, வேலைத் திருப்தி பற்றி உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959இலேயே சொன்னதுதான், படிக்கும்போது பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருப்பீங்க. சம்பளம், மேலதிகாரி, உட்காருகிற இடம் எல்லாம் சரியாக இருந்தால் எரிச்சல் வராது, அவ்வளவுதான். திருப்தி தனிக் கணக்கு: செய்த வேலை கண்ணுக்குத் தெரியணும், நாலு பேர் மதிக்கணும். (நல்லது நடந்தால் என்னால், கெட்டது நடந்தால் நிர்வாகத்தால் என்பது மனுஷ சுபாவம், அதை வைத்துக் கட்டிய கோட்பாடு என்று அவரைக் கிண்டலடிப்பவர்களும் உண்டு.)

மஞ்சமண்டி:
நான் ரிட்டயர்டு ஆளுங்க, ஈரோடு. மஞ்சளில் கிழங்கு அழுகல் பற்றி ஆய்வு செய்த பையன் ஒருத்தன் பழைய ஆய்வேடு ஒன்று கேட்டான். கேட்லாக்கில் இருக்கு, அலமாரியில் இல்லை. மூன்று நாள் தேடி, பைண்டிங்குக்குக் கட்டி வைத்த மூட்டையில், முதுகு லேபிள் உதிர்ந்து கிடந்ததைக் கண்டுபிடித்தேன். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்றார் நம்ம நூலக அறிவியல் மேதை ரங்கநாதன், என் நேரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லலை! அடுத்த பொங்கலுக்கு மஞ்சள் கொத்தோடு வந்து நின்றான். வாரத்துக்கு ஒரு நாளாவது கவுண்டரில் உட்காருங்க தம்பி.

கணக்குப்புள்ள:
ஐயா, கதை நல்லாருக்கு, ஆனா ஆறு பேர் வேலையை ரெண்டு பேர் பார்க்கிற இடத்தில் மூன்று நாள் யார் தேடுவாங்க? மனசைச் சரி பண்ணிக்கோ என்று சொல்லிச் சொல்லியே காலியிடத்தை நிரப்பாமல் ஓட்டுகிறார்கள். அசதி, பட்டும் படாமலும் இருக்கிறது, எதையும் சாதிக்கலை என்கிற நினைப்பு, இந்த மூன்றும் சேர்ந்தால் அதற்கு பர்ன்அவுட் என்று பேர். சிறுவாணி, வாசகர் வந்தாலே தொந்தரவாகத் தெரிகிறதா, அதைச் சொல்லுங்க முதலில்.

சிறுவாணித்தண்ணி:
தெரியுதுங்க. நேற்று ஒரு பிள்ளை ஏதோ கேட்டதற்கு நிமிராமலே "ஓபேக்ல பாரும்மா" என்று கம்ப்யூட்டர் கேட்லாக்கைக் காட்டிவிட்டேன். என்ன கேட்டாள் என்றே இப்போது ஞாபகமில்லை. சரி, புதன்கிழமை மதியம் கவுண்டரில் உட்காருகிறேன். காலியிடத்துக்குக் கடிதமும் போடுகிறேன், இது நாலாவது.