வில்லன் கதை சொன்னால், செத்தவர்களை யார் சொல்வது?

வெள்ளவத்தை வாசகி:
மருதானைப் பழைய புத்தகக் கடையில் எடுத்த எல்ரிக் கதைகளை நேற்றிரவு முடித்தேன். மைக்கேல் மூர்காக் 1961இல் தொடங்கிய வரிசை. அரியணை இழந்த அரசன் எல்ரிக் கொள்ளைக் கப்பல்களைக் கூட்டிவந்து தன் சொந்த நகரத்தையே எரிக்கிறான். அவன் கையிலுள்ள கறுப்பு வாள் உயிர் குடிப்பது. காதலி சிமோரிலும் அதற்கே இரையாகிறாள். நான் யாருக்காக அழுதேன்? எல்ரிக்குக்காக. எரிந்த தெருக்களில் செத்த ஒருவருடைய முகமும் மனதில் நிற்கவில்லை. வாசகரின் இரக்கம் முழுவதையும் கொன்றவனே அள்ளிக்கொண்டு போய்விடுகிறான். எனக்குக் கோபமே வருகிறது.

கொட்டாஞ்சேனைக் கதிர்:
அக்கா, வாளும் மந்திரமும் கலந்த கதைகளில் நான் தேடுவதே அந்த அழுகையைத்தான். நமக்கு இது புதிதும் இல்லை. முதற்போரில் தோற்று, சிவன் கொடுத்த வாளையும் களத்தில் போட்டுவிட்டு, வெறுங்கையோடு இலங்கைக்குள் நுழையும் இராவணனைக் கம்பன் காட்டும்போது நெஞ்சு கனக்கவில்லையா? 1946இல் புலவர் குழந்தை ‘இராவண காவியம்’ எழுதி அவனையே காவியத் தலைவனாக்கினார். 1948இல் சென்னை அரசு அந்நூலைத் தடை செய்தது. 1971இல்தான் தடை நீங்கியது. எதிரியின் பக்கம் நின்று சொல்லும் கதைக்கு அரசே அஞ்சியிருக்கிறது.

வெள்ளவத்தை வாசகி:
தம்பி, இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். புலவர் குழந்தை இராவணனைக் கெட்டவன் என்று ஏற்கவே இல்லை. அவன் மேல் விழுந்த பழியைத் துடைக்க எழுதினார். நான் பேசுவது, கெட்டவன் கெட்டவனாகவே இருக்கும் கதையைப் பற்றி. கம்பன் இராவணனுக்கு இரங்கினான், சரி. அதற்கு முன்பே அசோகவனத்தில் சீதையின் கூந்தல் ஒற்றைச் சடையாகத் திரண்டு கிடந்ததை நம் கண்ணில் நிறுத்திவிட்டான்.

தெஹிவளைக் கடற்காற்று:
கிளென் குக் 1984இல் எழுதிய ‘தி பிளாக் கம்பனி’யைப் படியுங்கள். கொடுங்கோல் அரசி ஒருத்திக்குக் கூலிக்காக வாள் பிடிக்கும் படை. அதன் வைத்தியனே வரலாற்றையும் எழுதுகிறான். ஓரிடத்தில், தன் தோழர்களின் கொடுமைகளைத் தான் முழுதாக எழுதவில்லை என்று ஒப்புக்கொள்கிறான். அவர்கள் தன் சகோதரர்கள், தன் குடும்பம் என்பதுதான் காரணம். காலி வீதியில் பஸ்ஸுக்குள் நின்றபடி அதைப் படித்தேன். அதுவரை நான் பழகிச் சிரித்த முகங்களெல்லாம் அந்த நிமிடமே மாறிவிட்டன. எதை ஒரே வரியில் தாண்டிவந்தேன் என்று முன்பக்கங்களைப் புரட்டித் தேடினேன். இறங்கவேண்டிய தரிப்பிடம் போய்விட்டது.

கொட்டாஞ்சேனைக் கதிர்:
இதைத்தான் சொல்ல வந்தேன்! நல்லவன் சொல்லும் கதையில் வாசகர் இப்படித் திரும்பிப் போய்த் தேடுவாரா?

வெள்ளவத்தை வாசகி:
தேடியும் அங்கே பெயர்கள் இல்லையே. மறைத்தேன் என்று அவன் சொல்லிவிட்டான். மறைக்கப்பட்டவர்கள் மறைந்தே கிடக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனைக் கதிர்:
கொல்பவன் பெயர் கேட்டுவிட்டா கொல்கிறான், அக்கா? அவன் வாயால் அந்தப் பெயர்கள் வந்தால் பொய்யாகிவிடும். அந்த வெறுமையை நமக்கு உறைக்கவைத்தால் போதும்.

வெள்ளவத்தை வாசகி:
உறைத்தால் ஒப்புக்கொள்கிறேன். எல்ரிக் எனக்கு உறைக்கவில்லை. கடற்காற்று, அந்தப் புத்தகத்தை இரவல் தாருங்கள். செத்தவர்களில் ஒருவருக்காகவாவது நான் நின்று திரும்பிப் பார்க்காவிட்டால் மறுபடியும் இங்கே வந்து சண்டை பிடிப்பேன்.