புது வீடு கட்டினபோது அயல் என்ன கேட்டது? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

வளவுக்காரன்:
யாழ்ப்பாணம் இணுவிலில் அம்மாவின் சீதனக் காணி, நான்கு பரப்பு. அதில் மாடி வீடு கட்டினோம். கொழும்பில் கீறின படம், பார்க்க மிக நன்றாக இருந்தது. நிலையம் எடுத்து, அதாவது வீட்டுக்கு இடம் குறித்து, அத்திவாரம் வெட்டத் தொடங்கின மூன்றாம் நாள், பக்கத்து வீட்டு ஆச்சி வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து படத்தைக் காட்டச் சொன்னார். மாடிப் படுக்கையறையின் கிழக்கு ஜன்னலில் விரலை வைத்தார்.

"தம்பி, இது எங்கட கிணத்தடியைத்தானே பாக்கும்? இனிப் பெட்டையள் எப்பிடிக் குளிக்கிறது?"

எனக்குப் பதில் வரவில்லை. நாங்களும் கிணற்றடியில் குளித்து வளர்ந்தவர்கள்தான். ஆள் உயரத்துக்கு மேல் கிடுகு வேலி அடைத்ததும் இந்த மறைப்புக்காகத்தானே. மாடி எழும்பினால் அந்த வேலியால் பயனில்லை. எத்தனை அடி மதில் கட்டினாலும் மேலே நிற்பவருக்கு எல்லாம் தெரியும்.

அன்றிரவே படம் கீறினவரோடு கதைத்தேன். அவரிடம் இருந்தது எங்கள் காணியின் எல்லை மட்டும். ஆச்சியின் கிணறு அதில் இல்லை, நாங்களும் சொல்லவில்லை. படிக்கட்டைக் கிழக்குப் பக்கம் மாற்றினோம். அந்தச் சுவரில் வெளிச்சத்துக்காக, நிற்பவரின் தலைக்கு மேலே ஒடுக்கமான சாளரம் ஒன்று மட்டும். படுக்கையறை தென்மேற்கு மூலைக்குப் போனது. இப்போது சோளகக் காற்று நேரே கட்டிலுக்கு வருகிறது. ஆனி, ஆடியில் பல இரவுகள் விசிறி போடுவதில்லை.

முன்பக்கத்துக்கு ஏழடி மதிலும் தகட்டுக் கேற்றும் என்றுதான் இருந்தது. எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ வந்தாலே சைக்கிள்காரர் ஒதுங்க வேண்டும். இரு பக்கமும் ஏழடி எழும்பினால் மூச்சு முட்டும். மூன்றடி மதிலோடு நிறுத்தி, கிளுவை வேலியை உள்ளே அப்படியே விட்டோம். அப்பப்பா காலத்தில் சங்கடப்படலை, அதாவது கூரை போட்ட வாசல் படலை, இருந்த இடத்தில் சின்ன ஓட்டுக் கூரையும் இரண்டு பேர் இருக்கத் திண்ணையும் போட்டோம். மாரியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதில்தான் ஒதுங்குகிறார்கள். அதைப் பார்க்கும்போது செலவழித்த காசில் மிக நல்ல காசு அதுதான் என்று தோன்றும்.

எங்கள் வீட்டில் நடுமுற்றம் வைத்த நாற்சாரும் இல்லை, தூணும் இல்லை. முகப்பு வெறும் வெள்ளைச் சுவர். அதைப்பற்றி அயலில் ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

கோப்பாய்ப் பிள்ளை:
எங்களுடையது பங்குக் கிணறு, நாலு குடும்பம். புது வீட்டு மலசலகூடக் குழிக்கு மேசன் அளந்து, தூரம் காணும் என்றார். பெரியத்தான் ஒத்துக்கொள்ளவே இல்லை. "கீழ சுண்ணாம்புக் கல்லு. எந்த வெடிப்பால எங்க போகுமெண்டு ஆருக்குத் தெரியும்?" அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் ஆறில்லாத ஊரில் நாலு வீட்டுப் பிள்ளைகளும் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். அவர் சொன்னது முழுக்கச் சரி.

குழியைக் காணியின் மறு மூலைக்கு மாற்றி, அடியும் சீமெந்து போட்டு மூடின தொட்டியாக்கினோம். நிறைந்தால் கழிவை உறிஞ்சி எடுக்கும் பவுசர் கூப்பிட வேண்டும், அந்தச் செலவு இருக்கிறது. குழாய் நீண்டதால் சரிவு எடுக்க நிலமட்டத்தை ஒரு அடி உயர்த்தினோம். அந்தக் கார்த்திகையில் எங்கள் முற்றத்து வெள்ளம் முழுக்கப் பக்கத்து வளவுக்குள் இறங்கி, அவர்களின் குசினி வாசல் வரை போய்விட்டது. போய் மன்னிப்புக் கேட்டோம். பிறகு எல்லையோடு வாய்க்கால் வெட்டி, கூரைத் தண்ணீரைப் பீலி வைத்து மழைநீர்த் தொட்டிக்குத் திருப்பினோம். நிலத்தை உயர்த்துகிறவர்கள் மழைக்கு முன்பே இதைச் செய்யுங்கள்.

ரொறன்ரோ மகன்:
அப்பாவுக்காக வடமராட்சியில் கட்டினேன். கைபேசியில் படங்களைப் பார்த்துப் பார்த்து நானே தெரிந்தெடுத்த வீடு, மேலே தட்டைப் பிளேட், அதாவது கொங்கிறீற் கூரை. பகல் முழுக்கக் குடித்த வெயிலைப் பிளேட் இரவில் இறக்குகிறது. அப்பா அறையை விட்டு விறாந்தையில் பாய் போட்டுப் படுக்கிறார் என்று அயலில் ஒரு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். போன வருடம் பிளேட்டுக்கு மேலே இடைவெளி விட்டு ஓட்டுக் கூரை போட்டோம். இப்போது அறையில் படுக்கிறார். தொடக்கத்திலேயே அவரிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அது இன்னும் மனதில் கிடக்கிறது.

சுன்னாகம் அக்கா:
வளவுக்காரன், ஆச்சி பிறகு என்ன சொன்னவா?

வளவுக்காரன்:
புது வீட்டுக் குடிபூரலுக்கு வந்தவர் பால் காய்ச்சின கையோடு மாடிக்கு ஏறினார். முழங்கால் வலி, ஒவ்வொரு படியாக நின்று நின்றுதான். அந்தச் சாளரத்தடியில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்திப் பார்த்தார். எட்டவில்லை. பேத்தியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவளுக்கும் எட்டவில்லை. "சரி" என்று சொல்லி, கீழே இறங்கிப் பந்தியில் இருந்தார்.