டாடா 207 பிக்கப்புக்கு 407 வண்டியின் எஞ்சின் பொருந்துமா?

தாளவாடி விவசாயி:
வணக்கம். நான் தாளவாடியில் முட்டைக்கோஸ் பயிரிடுகிறேன். விளைச்சலைத் திம்பம் வழியாகச் சத்தியமங்கலத்துக்கு இறக்க என்னிடம் இருப்பது 2006ஆம் ஆண்டின் டாடா 207 டிஐ மட்டுமே. சென்ற வாரம் ஏற்றத்தில் கனெக்டிங் ராடு (பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி) உடைந்து பிளாக்கை, அதாவது எஞ்சினின் வார்ப்பு உடலை, துளைத்துவிட்டது; வெல்டிங் வைத்தால் தாங்காது என்று பட்டறைக்காரர் கைவிரித்துவிட்டார். கோவை உக்கடத்தில் டாடா 407 சிறு லாரியிலிருந்து கழற்றிய 497 எஞ்சின் ஒன்று விலைக்கு வந்துள்ளது. இரண்டுமே 2956 சிசி என்பதால் அப்படியே மாட்டிவிடலாம் என்கிறார் கடைக்காரர். முன்பணம் கொடுக்கலாமா?

சங்ககிரி பட்டறை:
சற்றுப் பொறுங்கள் ஐயா. 497 என்றால் நான்கு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்). 100 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்குடன் (பிஸ்டன் நகரும் தூரம்) கணக்கிட்டால் 2956 சிசி வரத்தான் செய்யும். டாடாவின் பழைய பிக்கப்பான டாடாமொபைல் காலத்து 483 எஞ்சினோ 83 மில்லிமீட்டர் போரும் 1948 சிசியும் கொண்டது. அதைக் காட்டினால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். ஆனால் சிசி ஒத்துப்போவதால் மட்டும் எஞ்சின் சேஸில் உட்கார்ந்துவிடாது. சம்ப்பின் (எஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறது, மவுண்டிங் பிராக்கெட்டின் துளைகள் எங்கே விழுகின்றன, பிளைவீலும் கிளச்சு பிளேட்டும் உங்கள் கியர்பாக்ஸுக்குச் சேருமா, டர்போ உள்ளதா இல்லாததா என்பதையெல்லாம் உடைந்த எஞ்சினை வண்டியில் ஏற்றிச் சென்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்த பிறகே விலை பேச வேண்டும். சம்ப்பையும் பிளைவீலையும் உங்களுடையதிலிருந்தே மாற்றிப் பூட்ட முடியுமானால் பாதி வேலை முடிந்தது.

எனக்குப் பெருங்கவலை வேக்குவம் பம்பைப் பற்றித்தான். மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் (வெற்றிடம்) கொடுக்கும் பம்பு ஆல்டர்னேட்டரின் பின்புறம் அமைந்திருக்கும். எஞ்சினோடு வரும் ஆல்டர்னேட்டரில் அது தேய்ந்திருந்தாலோ, குழாய் சரியாகப் பொருந்தாவிட்டாலோ, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு இறங்கும்போது பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும். முதல் ஓட்டத்தைச் சமவெளியில், பாரமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி டிரைவர்:
உங்கள் சிலிண்டர் ஹெட்டும் டீசல் பம்பும் நன்றாக இருந்தால், ஆஃப் எஞ்சின் (ஹெட்டும் டீசல் பம்பும் இல்லாத கீழ்ப்பகுதி) மட்டும் வாங்குவதையும் யோசியுங்கள் அண்ணா. ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமதளமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டலாம். முழு எஞ்சின்தான் என்றால் கடையிலேயே ஓட வைத்து, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கே புகை அழுத்தமாகப் பீறிட்டால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

ஈரோடு வாகன ஆலோசகர்:
பிளாக்கில் பொறித்த எஞ்சின் எண் தெளிவாக இல்லையென்றாலும், சுரண்டிய தடம் தெரிந்தாலும் வாங்கவே கூடாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு எஞ்சினை மாற்றுவது போன்ற வாகன மாற்றங்களைப் பற்றியது. ஆர்டிஓ அலுவலகத்தில் முதலில் அனுமதி பெற்றுப் பின்னர் எஞ்சினை மாற்றி, 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்சியில் புதிய எண்ணை ஏற்றிக்கொள்ளுங்கள். அந்த 407 வண்டியின் ஆர்சி நகலையும் கடையின் ரசீதையும் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இல்லையேல் விபத்து நேர்ந்தால் எண் வேறுபாடு இழப்பீட்டுக்குக் குறுக்கே வரும்.

தாளவாடி விவசாயி:
மூவருக்கும் மிக்க நன்றி. கடைக்காரரிடம் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், தெளிவாக இருக்கிறது. ஆனால் சம்ப்பின் பள்ளம் என்னுடையதற்கு எதிர்ப்பக்கம் உள்ளது. சம்ப்பை மாற்றினால் எண்ணெய் உறிஞ்சும் குழாயையும் மாற்ற வேண்டியிருக்குமா?

சங்ககிரி பட்டறை:
ஆம் ஐயா, கட்டாயம் மாற்ற வேண்டும். 407 எஞ்சினில் உள்ள குழாயின் வாய் உங்கள் சம்ப்பின் பள்ளத்துக்குள் எட்டாமல் போனால், ஏற்றத்தில் எண்ணெய் பின்னால் சாயும்போது பம்பு காற்றை இழுத்துப் பேரிங்கைச் சுட்டுவிடும். உங்கள் சம்ப்பையும் குழாயையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள்.