புதுப்பிப்பு: கார் சாவி மறுநிரலாக்கச் செலவு பாதிக்கும் கீழே முடிந்தது

இரண்டாவது சாவியைக் காருடன் இணைக்கச் சேவை மையம் கேட்ட தொகை நியாயமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

இம்மொபிலைசர் (காரில் பதிந்த சாவி இல்லாமல் இன்ஜின் இயங்காதபடி தடுக்கும் அமைப்பு) வேலை தெரிந்த தனிச் சாவித் தொழிலாளரிடம் விசாரிக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. சாவி, வெட்டுக்கூலி, நிரலாக்கம் மூன்றுக்கும் தனித்தனியாக விலை கேட்டேன். சேவை மையத்தில் சாவியின் விலைதான் தொகையை ஏற்றியிருந்தது. நிரலாக்கம் சில நிமிட வேலை. மலிவாகக் கிடைத்த பழைய சாவி மட்டும் வீணானது. அதன் சிப் முந்தைய காருக்கே பூட்டப்பட்டிருந்ததால் புதியதே வாங்க வேண்டியிருந்தது.

எதிர்பாராதது ஒன்று: புதிய சாவியைப் பதிந்தபோது காரில் இருந்த பழைய சாவிப் பதிவுகள் அழிந்துவிட்டன. வீட்டில் வைத்திருந்த முதல் சாவியால் கதவு திறந்தது, ஆனால் இன்ஜின் இயங்கவில்லை. மறுநாள் அதையும் எடுத்துச் சென்று பதிந்தேன், கூடுதல் கட்டணத்துடன். எல்லாக் கார்களிலும் இப்படி ஆகாது. ஆனாலும் இருக்கும் சாவிகள் அனைத்தையும் தயவுசெய்து ஒரே நேரத்தில் கொண்டு செல்லுங்கள்.

ரிமோட் பொத்தான் மட்டும் வேலை செய்யாதவர்கள் முதலில் சாவியில் உள்ள பேட்டரியை மாற்றிப் பாருங்கள். இன்ஜினுக்கான சிப்புக்குப் பொதுவாகப் பேட்டரி தேவையில்லை. இன்ஜின் இயங்கினால் மறுநிரலாக்கமே வேண்டியிருக்காது.