ஞாயிறு ஓட்டம்: டிச்லிங்கிலிருந்து சத்ரி வரை

கயல், வியாழன் மாலை 6.40
அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை என் ஊருக்கு ஓட வருவதாகக் கார்த்திக் அண்ணாவும் செல்வி சித்தியும் உறுதி சொல்லிவிட்டார்கள்; பெரியப்பாவும் பெரியம்மாவும் காரில் வந்து நம்மை வழியில் சந்திப்பார்கள். இந்தக் குழுவில் தங்கிலீஷுக்குப் பெரியப்பா தடை விதித்திருப்பதால், வழியை நல்ல தமிழில் விளக்க முயற்சிக்கிறேன். பிழை இருந்தால் ஓட்டம் முடிந்த பிறகு திருத்துங்கள்.

பெரியப்பா, மாலை 6.52
ஒப்புக்கொள்கிறேன். ஞாயிறு வரை வாய் திறக்கமாட்டேன்.

கயல், மாலை 7.15
லண்டன் விக்டோரியாவில் ரயில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஹசக்ஸ் நிலையம் வந்துவிடும். அங்கிருந்து வயல் பாதையில் கிழக்கே இரண்டரை கிலோமீட்டர் மெதுவாக ஓடினால் டிச்லிங் கிராமம். உடம்பைச் சூடேற்றிக்கொள்ள அந்தத் தொலைவு போதும். கிராமத்துக்குத் தெற்கே சுவர் போல எழுந்து நிற்பதுதான் சவுத் டவுன்ஸ் குன்றுத்தொடர். ஆங்கிலத்தில் 'டவுன்' என்றால் கீழே என்று பொருள் கொண்டு, இறக்கம்தான் மிகுதி என நம்பி வந்துவிடாதீர்கள். பழைய ஆங்கிலத்தில் 'டூன்' என்பது குன்றைக் குறிக்கும் சொல். நாம் ஏறப்போகும் டிச்லிங் பீக்கன் குன்றின் உச்சி 248 மீட்டர். கிழக்கு சசெக்ஸில் அதைவிட உயரமான இடம் இல்லை. கிராமத்திலிருந்து ஏறத்தாழ 180 மீட்டர் ஏற வேண்டும், அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி கடைசி ஒரு கிலோமீட்டரில்தான் இருக்கிறது. அங்கே நான் ஓடுவதில்லை, முழங்காலில் கையை ஊன்றி நடக்கிறேன். கார்ச்சாலை வழியாக ஏறவே கூடாது. அது குறுகலானது, வளைவுகள் மிகுந்தது. 1994இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் அதன் வழியாகப் போனதிலிருந்து ஞாயிறு என்றால் சைக்கிள்காரர்களின் கூட்டம் வேறு.

செல்வி சித்தி, மாலை 7.31
வயல் பாதை என்கிறாயே, கயல், அது யாருடைய வயல்? தஞ்சாவூரில் அடுத்தவர் வரப்பில் நடந்தாலே என் அப்பாவிடம் புகார் வந்துவிடும். இங்கே நாம் மூன்று பேர் பளபளக்கும் சட்டையோடு கோதுமைக்குள் ஓடினால் நில உரிமையாளர் சும்மா விடுவாரா?

கயல், மாலை 7.58
சித்தி, நிலம் அவருடையது. ஆனால் அதன் மேல் போகும் பாதையில் நமக்குச் சட்டப்படி உரிமை உண்டு. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் ஓடுவதன் அடிப்படையே இதுதான். நூற்றாண்டுகளாக மக்கள் நடந்து நடந்து உண்டான தடங்கள் பொதுவழிகளாகப் பதிவாகியிருக்கின்றன. மஞ்சள் அம்புக்குறி இருந்தால் அது காலால் செல்வோருக்கு மட்டுமான பாதை, நடந்தாலும் ஓடினாலும் ஒன்றே. நீல அம்புக்குறி என்றால் குதிரைகளும் சைக்கிள்களும்கூட வரும். அங்கே சைக்கிள்காரர்தான் நமக்கு வழிவிட வேண்டும். வயலுக்குக் குறுக்கே போகும் பாதையை உழவர் விதைப்புக்காக உழுதுவிட்டாலும், பொதுவாக 14 நாட்களுக்குள் அதைப் பழையபடி நடக்கத்தக்கதாக்கித் தர வேண்டும் என்பது விதி. ஆகவே கோதுமைக்கு நடுவே ஓர் ஆள் அகலத்தில் கோடு தெரிந்தால் தயங்காமல் அதிலே ஓடுங்கள். கோட்டை விட்டு விலகினால்தான் வம்பு. போன ஆண்டு நான் அம்புக்குறியைக் கவனிக்காமல் ஒருவருடைய கொல்லைப்புறத்துக்குள் புகுந்து, அங்கே காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பத்திடம் மூச்சிரைக்க மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். அன்றுதான் 1:25,000 அளவுள்ள ஆர்டனன்ஸ் சர்வே வரைபடத்தை வாங்கினேன். பச்சை நிறத்தில் சிறு கோடுகளாக இருப்பது நடைபாதை, நீண்ட கோடுகளாக இருப்பது குதிரைப் பாதை.

கார்த்திக், இரவு 8.20
உச்சி ஏறிய பிறகு கிழக்கே திரும்பலாம் என்பது என் கருத்து. பிளாக்கேப் குன்றைத் தாண்டி, 1264இல் மூன்றாம் ஹென்றி மன்னரை சைமன் டி மான்ட்ஃபோர்ட் தோற்கடித்த சரிவின் வழியாக லூயிஸ் நகரத்தில் இறங்கினால், தடையில்லாமல் ஓடிய நிறைவும் இருக்கும், ரயிலும் கிடைக்கும். அரை மாரத்தானுக்கு ஆறு வாரங்களே உள்ள நிலையில் எனக்கு நிற்காத ஓட்டம் தேவைப்படுகிறது.

கயல், இரவு 8.47
அண்ணா, அது நல்ல வழிதான்; தென்மேற்குக் காற்று முதுகைத் தள்ளுவதால் நேரமும் குறையும். அடுத்த மாதம் நாம் இருவரும் அதில் ஓடலாம். இந்த ஞாயிறு மேற்கே போகச் சொல்வதற்கு எனக்குக் காரணம் உண்டு. முகட்டின் மேல் சவுத் டவுன்ஸ் வே என்னும் நெடுவழி செல்கிறது. வின்செஸ்டருக்கும் ஈஸ்ட்போர்னுக்கும் இடையே 160 கிலோமீட்டர் நீளும் அந்த வழியில் நமக்கு வேண்டியது ஒரு துண்டுதான். இடப்புறம் கடல், வலப்புறம் மரங்களும் வேலிகளும் நிறைந்த வீல்டு சமவெளி. கிழக்கு, மேற்கு சசெக்ஸ்களின் பழைய எல்லையைக் காட்டும் கீமர் கம்பம் முகட்டிலேயே நிற்கிறது. அந்தப் பகுதியில் குதிரைப் பாதை ஒன்றில் தெற்கே திரும்பி இறங்கினால் சத்ரியை அடையலாம்.

பெரியம்மா, இரவு 8.55
சத்ரி என்றால் என்ன, அம்மா? ஊர்ப் பெயரா?

கயல், இரவு 9.20
நினைவுச்சின்னம், பெரியம்மா. முதல் உலகப் போரில் காயமடைந்த இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கானோருக்குப் பிரைட்டனில் மருத்துவம் பார்த்தார்கள்; முன்பு அரச குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்த பெவிலியன் அரண்மனையே 1914 இறுதியில் மருத்துவமனையாயிற்று. பிழைக்காமல் போனவர்களில் இந்துக்களும் சீக்கியர்களுமாகிய 53 பேரை இந்தக் குன்றின் மேல் கொண்டுவந்து தகனம் செய்து, சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். இறந்த முஸ்லிம் வீரர்களை வோக்கிங் பள்ளிவாசலுக்கு அருகில் அடக்கம் செய்தார்கள். சிதை எரிந்த மேடைகள் இருந்த இடத்தில் எழுப்பிய வெள்ளைப் பளிங்கு மண்டபத்தை 1921 பிப்ரவரியில் வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். வடிவமைத்தவர் பம்பாயைச் சேர்ந்த இ. சி. ஹென்ரிக்ஸ் என்னும் இளம் கட்டடக் கலைஞர். 53 பேரின் பெயர்களைப் பொறித்த கல்லைப் பக்கத்தில் 2010இல்தான் வைத்தார்கள். வாசல் வரை கார்ச்சாலை கிடையாது. காலால் போனால்தான் பார்க்க முடியும். முதல் முறை நான் மூடுபனியில் ஓடிப்போனபோது, ஆடுகள் மேயும் வெற்றுச் சரிவில் திடீரென்று அந்தக் குவிமாடம் தெரிந்தது. நின்றுவிட்டேன். கைக்கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை.

பெரியப்பா, இரவு 9.34
வாய் திறக்கமாட்டேன் என்றது பிழைகளைப் பற்றித்தான். இது பொருள் விளக்கம். சத்ரி என்பது குடை. சத்ரபதி என்றால் குடைக்கு உரியவன், அதாவது அரசன். நம் புலவர்கள் பாடிய வெண்கொற்றக்குடையும் அதுதான். அரசனுக்கு மட்டும் பிடித்த வெள்ளைக் குடையை அந்தச் சிப்பாய்களுக்குக் கல்லில் பிடித்திருக்கிறார்கள். கார்த்திக், லூயிஸ் எங்கும் ஓடிப்போகாது.

கார்த்திக், இரவு 9.41
சரி அப்பா. மேற்கே ஓடலாம். மொத்தத் தொலைவு என்ன, கயல்?

கயல், வெள்ளி காலை 7.05
ஹசக்ஸிலிருந்து டிச்லிங், பீக்கன், சத்ரி, பிறகு வடக்கே ஏறிக் கிளேட்டன் காற்றாலைகள் வரை ஏறத்தாழ 13 கிலோமீட்டர். சித்தி முகட்டை விட்டு இறங்காமல் நேராகக் காற்றாலைகளுக்குப் போனால் எட்டரைதான். வழி தவறவே முடியாது. ஆலைகள் இரண்டு. வெள்ளையாக இருப்பது ஜில், கறுப்பாக இருப்பது ஜாக். ஜில்லை 1821இல் பிரைட்டனில் கட்டி, 1852இல் மாடுகளைப் பூட்டி இந்தக் குன்றுக்கு இழுத்து வந்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா? அங்கே வண்டி நிறுத்துமிடம் இருப்பதால் பெரியப்பாவும் பெரியம்மாவும் நேராக அங்கேயே வந்துவிடலாம். கோடைக்கால ஞாயிறுகளில் பிற்பகலில் தன்னார்வலர்கள் ஜில்லின் உட்புறத்தைத் திறந்து காட்டுவதும் வழக்கம்.

செல்வி சித்தி, காலை 7.22
வழியில் தண்ணீர் கிடைக்குமா? பாட்டிலைச் சுமந்துகொண்டு ஓடுவது எனக்குப் பெரும் துன்பம்.

கயல், காலை 7.40
சுமக்கத்தான் வேண்டும், சித்தி. இந்தக் குன்றுகள் முழுக்கச் சுண்ணப்பாறை. பெய்யும் மழையை அப்படியே குடித்து, அடிவாரத்தில் ஊற்றுகளாக வெளியே விடும். அதனால்தான் டிச்லிங், கிளேட்டன் போன்ற ஊர்கள் அடிவாரத்தை ஒட்டி வரிசையாக அமைந்திருக்கின்றன, மேலே ஓர் ஓடைகூட இல்லை. அங்கே காணும் சிறு குட்டைகள் ஆடுகளுக்காக அடியில் களிமண் மெழுகி வெட்டியவை. அந்தத் தண்ணீர் நமக்கு ஆகாது.

இன்னும் சில. நனைந்த சுண்ணப்பாறை சோப்புப் போட்ட தரை மாதிரி வழுக்கும். ஆகவே சனிக்கிழமை மழை பெய்தால் அடியில் ஆழமான பள்ளக்கோடுகள் உள்ள காலணியை அணியுங்கள். மே மாதமாதலால் பசுக்கள் கன்றுகளோடு மேய்ச்சலில் இருக்கும். பசுவுக்கும் கன்றுக்கும் இடையே ஒருபோதும் புகாதீர்கள். கூட்டத்தைக் கண்டதும் ஓட்டத்தை நிறுத்தி, சுற்றி நடந்து கடந்து செல்லுங்கள். நம் ஊர் மாட்டைப் போல 'ஹை' என்று விரட்டினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள்; ஆண்டுதோறும் இந்நாட்டில் மாடுகளிடம் சிக்கி அடிபடுவோர் இருக்கிறார்கள். மூடியிருந்த கதவைத் திறந்தால் மறக்காமல் மூடிவிடுங்கள். உயரமான புல்லில் உண்ணிகள் இருக்கும். நீண்ட காலுறை அணிந்து வந்து, வீட்டுக்குப் போனதும் முழங்காலின் பின்புறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மா, காலை 8.02
எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுவருகிறேன். அந்தக் குடைக்குக் கீழே வைக்க முற்றத்து ரோஜா நான்கு தரலாம் என்று நினைத்தேன். ஆனால் நீங்கள் அங்கே போய்விட்டல்லவா எங்களிடம் வருகிறீர்கள்?

கார்த்திக், காலை 8.10
நான் இன்று இரவு வீட்டுக்கு வருகிறேன், அம்மா. பூவை என் முதுகுப் பையில் வைத்து எடுத்துப்போகிறேன். கசங்காமல் இருக்க மெதுவாகத்தான் ஓட வேண்டியிருக்கும்.

கயல், காலை 8.14
நன்றி, அண்ணா. ஞாயிறு காலை 8.45க்கு ஹசக்ஸ் நிலைய வாசலில் நிற்பேன். தண்டவாளப் பணி இருந்தால் ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து விடுவார்கள். ஆகவே சனி இரவே சரிபார்த்துவிடுங்கள்.

பெரியப்பா, காலை 8.30
ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லை. 'முயற்சிக்கிறேன்' தவறு, 'முயல்கிறேன்' என்பதே சரி.