ஐசோனியாசிட்: 40 வருடம் அலமாரியில் தூங்கிய மருந்தா?

பார்மசி மாணவி:
காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட்டை 1912-லேயே தயாரித்துவிட்டார்களாமே? அப்புறம் ஏன் 1950கள் வரை யாருக்கும் கொடுக்கவில்லை? வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைக் கேட்டே குடைகிறார்கள்.

பழைய லேப்காரர்:
உண்மைதான்மா. பிராகில் ஹான்ஸ் மெயர், யோசெஃப் மாலி இருவரும் செய்தது வெறும் வேதியியல் ஆய்வு. கிருமிமேல் போட்டுப் பார்க்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? பிறகு ரோஷ், பேயர், ஸ்க்விப் ஆகிய மூன்று மருந்து நிறுவனங்களும் தனித்தனியாக அதன் வீரியத்தைக் கண்டுபிடித்தன. ஏற்கெனவே வெளியான சேர்மம், காப்புரிமை கிடைக்கவில்லை. விலையும் மலிவு.

பார்மசி மாணவி:
நன்றி சார். காசநோய்க்கு வீட்டிலேயே சிகிச்சை தந்தால் போதுமா என்று பார்த்த சென்னை ஆய்விலும் இதே மருந்துதானா?

பழைய லேப்காரர்:
ஆமாம், கூடவே பாஸ் (PAS) என்ற இன்னொரு காசநோய் மருந்தும். 1956-ல் தொடங்கினார்கள். பாதிப் பேருக்கு வீட்டில், மீதிப் பேருக்குச் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகள் தங்கும் மருத்துவமனையில், ஒரு வருடச் சிகிச்சை. பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்குப் பிடித்தது சிறுநீர்ச் சோதனைதான். சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாதிரி வாங்கி வருவார்கள். பாஸ் உள்ள சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டால் நிறம் மாறிவிடும். மாத்திரையைச் சாக்கடையில் போட்டுவிட்டு "சாப்பிட்டேன் டாக்டர்" என்று சொல்ல முடியாது!