நவாஹோப் பிள்ளைகளின் வகுப்புக்கு வந்திருக்கும் தமிழ் ஆசிரியர்களுக்கு: கதைப் புத்தகமும் குரோம்புக்கும்

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலியிலிருந்து ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் வந்து, நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடமேற்கில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் பெரும்பாலானோர் நவாஹோப் பிள்ளைகள். நவம்பர் மாதம் பூர்வகுடி அமெரிக்கர் பாரம்பரிய மாதம் என்பதால், நவாஹோப் பண்பாட்டைப் பற்றி மூன்று வாரப் பாடம் தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நூலகத்தில் புத்தகங்கள் இருக்கின்றன, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குரோம்புக் மடிக்கணினி இருக்கிறது. வந்து மூன்றே மாதம் ஆன நான் அவர்களுடைய பண்பாட்டை அவர்களுக்கே எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தெரியவில்லை. முன்பே வந்திருப்பவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்:

தம்பி, வணக்கம். நான் மதுரைப் பக்கம். கேலப் நகரத்துக்கு அருகில் தொடக்கப் பள்ளியில் இது எனக்கு ஐந்தாவது ஆண்டு. ஜே-1 விசாவில் மூன்று ஆண்டும் நீட்டிப்பாக இரண்டு ஆண்டும் மட்டுமே கிடைக்கும் என்பதால் இதுவே கடைசி ஆண்டும்கூட. உங்கள் கேள்வியின் கடைசி வரியில் இருக்கும் தயக்கம் மிகச் சரியானது, அதை விட்டுவிடாதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அவர்கள் பண்பாட்டைக் கற்பிப்பது நம் வேலையல்ல. அவர்கள் வீட்டில் கேட்கும் குரல் வகுப்பறைக்குள்ளும் கேட்கும்படி ஏற்பாடு செய்வதுதான் நம் வேலை. புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் கணினியைத் திறக்கும்போதும் நான் இதை வைத்துத்தான் முடிவெடுக்கிறேன்.

முதலில் பெயர். நாம் ஊரில் பள்ளிப் புத்தகங்களில் படித்த ‘செவ்விந்தியர்’ என்ற சொல்லை இங்கேயே விட்டுவிடுங்கள். நவாஹோ என்பதும் பிறர் வைத்த பெயர்தான். அவர்கள் தங்களைத் தினே என்று சொல்லிக்கொள்கிறார்கள், அதற்கு மக்கள் என்று பொருள். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் நவாஹோ நாடு சுமார் 71,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல். விண்டோ ராக் என்ற ஊரைத் தலைநகராகக் கொண்டு, சொந்த அரசும் நீதிமன்றமும் காவல்துறையும் வைத்திருக்கும் மக்களைப் பற்றி ‘வாழ்ந்தார்கள், நெய்தார்கள், கும்பிட்டார்கள்’ என்று இறந்தகாலத்திலேயே பேசும் புத்தகத்தை, அதன் படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வகுப்புக்குள் கொண்டுவருவதில்லை.

புத்தகத்தைக் கையில் எடுத்தவுடன் எழுதியவர் யார், வரைந்தவர் யார் என்று பாருங்கள். ஃபிளாக்ஸ்டாஃப் நகரத்தில் உள்ள சலினா புக்‌ஷெல்ஃப் என்ற பதிப்பகம் நவாஹோவிலும் ஆங்கிலத்திலும் இருமொழிப் புத்தகங்கள் வெளியிடுகிறது. உங்கள் நூலகத்தில் அந்தப் பெயரைத் தேடினால் பாதி வேலை முடிந்துவிடும். அமெரிக்க இந்திய நூலகச் சங்கம் குழந்தை இலக்கியத்துக்குக் கொடுக்கும் விருதுப் பட்டியலும் உதவும். நம்பே புவெப்லோ இனத்தைச் சேர்ந்த டெப்பி ரீஸ் என்ற அறிஞர் பூர்வகுடிகளைப் பற்றிய சிறுவர் நூல்களை 2006 முதல் இணையத்தில் விமர்சித்து வருகிறார். ஒரு புத்தகத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால் நான் முதலில் அவர் என்ன சொல்லியிருக்கிறார் என்றுதான் பார்ப்பேன்.

நீங்கள் தொடங்குவதற்கு ஒரே ஒரு புத்தகம் சொல்வதென்றால், குழந்தையின் முதல் சிரிப்பைப் பற்றி ரோஸ் ஆன் டாஹே, நான்சி போ ஃப்ளட் இருவரும் எழுதி, ஜோனதன் நெல்சன் வரைந்து 2018-இல் வந்த படப்புத்தகத்தைச் சொல்வேன். தினே குடும்பங்களில் குழந்தை முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தால் அது ஒரு விழா. குழந்தையைச் சிரிக்க வைத்தவர் அந்த விருந்தை நடத்த வேண்டும், வந்தவர்களுக்கெல்லாம் குழந்தையின் கையால் உப்பு கொடுக்கப்படும். கொடுக்கும் குணம் முதல் சிரிப்போடு சேர்ந்தே வளர வேண்டும் என்பது அதன் கருத்து. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு இதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை. நான் இதை வாசித்து முடித்த நாளில், ஆண்டு முழுவதும் வாய் திறக்காத ஒரு சிறுமி எழுந்து, தன் தம்பியைச் சிரிக்க வைத்தது தான்தான் என்றும், அதற்காகத் தன் பாட்டி ஓர் ஆட்டையே அறுக்க வேண்டியதாயிற்று என்றும் சொன்னாள். பிறகு பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாகத் தங்கள் வீட்டு முதல் சிரிப்பைச் சொன்னார்கள். அன்று நான் நடத்தியது மிகக் குறைவு.

நெசவுக்கு, 1976-இல் வந்த ஓர் ஆட்டின் கதை இருக்கிறது. தன் உரோமத்தைக் கத்தரித்து, யக்கா வேரின் நுரையில் அலசி, சிக்கெடுத்து, நூற்று, சாயம் தோய்த்து, தறியில் ஏற்றும் வரை கிளென்மே என்ற நெசவாளி செய்வதையெல்லாம் ஜெரால்டின் என்ற ஆடே சொல்கிறது. எழுதிய சார்லஸ் பிளட், மார்ட்டின் லிங்க் இருவரும் தினே இனத்தவர் அல்லர். ஆனாலும் வேலையின் வரிசை தெளிவாக இருப்பதால் அதை வைத்துக்கொள்கிறேன். வாசித்த மறுநாள், நெய்யத் தெரிந்த ஒரு பாட்டியைப் பள்ளி வழியாக அழைத்து, கையில் கம்பளி உருட்டச் சொல்லிப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைப்பேன். புத்தகத்தில் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் நூற்பு, பாட்டியின் மடியில் ஒரு மணி நேரம் ஆகியும் ஒரு சாண் கூட நீளாது. அதைப் பார்ப்பதற்காகவே அவரை அழைக்க வேண்டும்.

மாறாக, பாட்டி நெய்யும் விரிப்பு முடிந்தால் அவர் இறந்துவிடுவார் என்று பயந்து பேத்தி இரவில் நூலைப் பிரித்துவிடும் கதை ஒன்று 1972-இல் சிறுவர் நூல்களுக்கான நியூபெரி கௌரவ விருது பெற்றதால் எல்லா நூலகங்களிலும் இருக்கும். கதை மனத்தைத் தொடுவது உண்மை. ஆனால் சாவைப் பற்றி வாய்விட்டுப் பேசுவதையே தவிர்க்கும் தினே குடும்பங்கள் ஏராளம். பெற்றோரிடம் கேட்காமல் அதை முழு வகுப்புக்கும் உரக்க வாசிக்காதீர்கள்.

இனி நான் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாமல் இருப்பதற்காக. முதலாம் ஆண்டு ஏப்ரலில், நரிபோன்ற கொயோட்டியின் குறும்புகளைச் சொல்லும் நாட்டுப்புறக் கதை ஒன்றை ஆசையாகத் தயார் செய்துகொண்டு வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாவது பக்கத்திலேயே ஒரு பையன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டான். பக்கத்தில் இருந்தவன்தான், ‘டீச்சர், இடி இடித்துவிட்டது, பாம்பு விழித்துக்கொண்டது, இனி இந்தக் கதை சொல்லக் கூடாது’ என்று மெல்லச் சொன்னான். கொயோட்டிக் கதைகள் குளிர்காலத்துக்கு உரியவை. முதல் உறைபனிக்குப் பின், வசந்தத்தின் முதல் இடிக்கு முன் மட்டுமே சொல்லப்படும். விரல்களில் நூல் கோத்து ஆடும் நூல் விளையாட்டுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. புத்தகத்தை அப்படியே மூடிவைத்து, மன்னிப்புக் கேட்டு, அடுத்த டிசம்பரில் அந்தப் பையனையே பக்கம் திருப்பச் சொல்லி வாசித்தேன். உங்கள் பாடம் நவம்பரில் வருவதால் காலம் உங்களுக்குச் சாதகமாக இருக்கலாம். ஆயினும் உங்கள் பள்ளியின் நவாஹோ மொழி ஆசிரியரிடம் கேட்டுவிட்டே எடுங்கள்.

மணல் ஓவியம் நோய் தீர்க்கும் சடங்கின் பகுதி. சடங்கு முடிந்ததும் அழித்துவிடுவார்கள். வண்ண மணலும் பசையும் கொடுத்து அதைக் கைவினைப் பயிற்சியாக்கும் பாடத்திட்டங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கும். அவற்றை எடுக்க வேண்டாம். இறகுக் கிரீடம், கூம்புக் கூடாரம் இரண்டும் வட அமெரிக்கச் சமவெளியின் பிற பூர்வகுடி இனங்களுடையவை. தினே வீடு ஹோகன், அதன் வாசல் கிழக்கு பார்த்திருக்கும். செயற்கை நுண்ணறிவுப் படக் கருவியிடம் நவாஹோச் சிறுவனைக் கேட்டால் எனக்கு மூன்று முறையும் இறகுக் கிரீடம்தான் வந்தது. ஆகவே வகுப்புக்கு அதைப் பயன்படுத்துவதே இல்லை.

அப்படியானால் குரோம்புக் எதற்கு? எனக்கு மிகவும் பயன்பட்டது கூகுள் எர்த். தினே நிலத்தைக் காக்கும் நான்கு புனித மலைகளைப் பிள்ளைகளே தேடிப் பறந்து போகட்டும். கிழக்கே கொலராடோவில் பிளாங்கா சிகரம், வெண்மை நிறம். தெற்கே கிராண்ட்ஸ் ஊருக்கு மேலே டெய்லர் மலை, நீலப்பச்சை. மேற்கே ஃபிளாக்ஸ்டாஃபின் சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள், மஞ்சள். வடக்கே ஹெஸ்பெரஸ் மலை, கருமை. முதல் தடவை, பக்கத்தில் இருக்கிறதே என்று நான் டெய்லர் மலையிலிருந்து தொடங்கியபோது பிள்ளைகள் ஒருமித்த குரலில் மறுத்தார்கள். கிழக்கில் தொடங்கிச் சூரியன் போகும் வழியில்தான் சுற்ற வேண்டும். கோயிலில் வலம் வரும் திசைதான் அது, நினைவில் வைத்துக்கொள்வது நமக்கு எளிது. 1864-இல் அமெரிக்க இராணுவம் இந்த மக்களைப் பாஸ்கி ரெடோண்டோ என்ற இடத்துக்கு நூற்றுக்கணக்கான மைல் நடத்திக் கொண்டுபோய் அடைத்ததையும், 1868 ஜூன் 1 ஒப்பந்தத்துக்குப் பின் அவர்கள் திரும்பி வந்ததையும் அதே வரைபடத்தில் காட்டலாம். மூன்றாம் வகுப்புக்கு, போன துயரத்தை ஒளிக்காமல், திரும்பி வந்ததை நிறுத்திச் சொல்வதே போதும் என்பது என் கருத்து.

அடுத்தது மொழி. டியூலிங்கோ என்ற மொழி கற்கும் செயலியில் 2018 முதல் நவாஹோப் பாடம் இருக்கிறது. விண்வெளிப் போர்ப் படமான ஸ்டார் வார்ஸ் 2013-இலும், மீன் குஞ்சைத் தேடும் ஃபைண்டிங் நீமோ 2016-இலும் நவாஹோவில் குரல் கொடுக்கப்பட்டன. வீட்டில் தாத்தா மட்டுமே பேசும் மொழியை ஒரு மீன் பேசுவதைக் கேட்ட பிள்ளைகளின் முகம் எப்படி மாறும் என்பதை நீங்களே பார்ப்பீர்கள். அந்தத் தாத்தா பாட்டிகளில் பலர் உறைவிடப் பள்ளிகளில் தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டவர்கள். அதே மொழியில்தான் 1942-இல் 29 இளைஞர்கள் அமெரிக்க மரீன் படைக்காக, எதிரிகளால் உடைக்க முடியாத சங்கேதத்தை உருவாக்கினார்கள். பள்ளியின் மீது ஒரு பாட்டிக்கு இன்னும் ஐயம் இருந்தால் அதற்குக் காரணம் உண்டு என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: இணையம் தேவைப்படும் வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள். குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் எட்டாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. வகுப்பிலேயே செய்து முடியும்படி திட்டமிடுங்கள். பெரியவர்களின் குரலைப் பதிவு செய்தால் அனுமதி பெற்று, ஒரு நகலைக் குடும்பத்துக்கே கொடுத்துவிடுங்கள். அதை இணையத்தில் ஏற்ற வேண்டாம்.

கேள்வி:

அக்கா, மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகங்கள். அறிவியல் பாடத்தில் கிரகணம் வருகிறது, அதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா? மேலும், நான் ‘இந்தியன்’ என்று சொன்னதும் பிள்ளைகள் குழம்புகிறார்கள். என்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்வது?

பதில்:

கிரகணத்தில் கட்டாயம் கவனம் வேண்டும், தம்பி. 2023 அக்டோபர் 14 அன்று வளைய சூரிய கிரகணம் இந்த நிலத்தின் மேலேயே கடந்தது. உலகமெல்லாம் பார்க்க வந்த வேளையில், நவாஹோ நாட்டின் பூங்காக்கள், மானுமென்ட் வேலி உட்பட, அந்த நேரத்துக்கு மூடப்பட்டன. தினே மரபில் அப்போது சூரியனைப் பார்ப்பதில்லை, உண்பதில்லை, தண்ணீர் குடிப்பதில்லை, வீட்டுக்குள் அமைதியாக இருப்பார்கள். திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளைகள் இதைச் சொன்னபோது, கிரகணம் விடும் வரை அடுப்பு மூட்டாமல், சோற்றில் தர்ப்பை போட்டு வைத்த என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். நிழல் எப்படி விழுகிறது என்பதைப் பந்தும் விளக்கும் வைத்துச் சொல்லிக்கொடுங்கள். வெளியே வந்து பார்க்கும்படி எந்தப் பிள்ளையையும் வற்புறுத்த வேண்டாம்.

அறிமுகத்துக்கு அவர்கள் வழியையே பின்பற்றுங்கள். தினே ஒருவர் தன் பெயரோடு நான்கு குலங்களைச் சொல்வார்: தாயின் குலம், தந்தையின் குலம், தாய்வழித் தாத்தாவின் குலம், தந்தைவழித் தாத்தாவின் குலம். ஒரே குலத்தில் மணம் முடிப்பதில்லை. கொங்கு நாட்டுக் கூட்டங்களை அறிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும், இங்கே தாய்வழி முதலில் வருகிறது என்பதே வேறுபாடு. உறவுச் சொற்களையும் கேட்டுப் பாருங்கள். ஷாதி என்றால் அக்கா, ஷிதேஜி தங்கை, ஷினாயி அண்ணன், ஷித்சிலி தம்பி. ஆங்கிலத்தில் ‘சிஸ்டர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைபட்டுவிடும் வேறுபாடு அவர்கள் மொழியிலும் நம் மொழியிலும் உயிரோடு இருக்கிறது. பலகையில் மூன்று பத்தி போட்டு, நவாஹோவை அவர்களும் தமிழை நீங்களும் எழுதுங்கள். ஆங்கிலப் பத்தியில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சிரிப்பார்கள்.

நமக்குக் குலம் சொல்லும் வழக்கம் வேறு பொருள் தந்துவிடும் என்பதால் நான் ஊர்களைச் சொல்கிறேன்: அம்மாவின் ஊர், அப்பாவின் ஊர், அம்மாவின் அப்பா பிறந்த ஊர், அப்பாவின் அப்பா பிறந்த ஊர். உலக வரைபடத்தில் நான்கையும் குத்தி வைத்துக் காட்டினால், ‘இந்தியன்’ என்ற சொல்லைப் பற்றிய குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். முதல் ஆண்டு, மூன்று ஊர்களைச் சொல்லிவிட்டு நான்காவதில் நான் நின்றுவிட்டேன். ‘உங்கள் தாத்தா எங்கே பிறந்தார் என்று உங்கள் அம்மா சொல்லவில்லையா?’ என்று ஒரு எட்டு வயதுப் பிள்ளை உண்மையான கவலையோடு கேட்டாள். அன்றிரவே மதுரைக்குப் போன் செய்தேன். நீங்கள் நவம்பருக்கு முன்பே வீட்டுக்குப் பேசி, நான்கையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.